தரையோடு முறுக்கிய பெஞ்சுகள்

எங்கள் செந்தூல் ஜெபவீட்டில் பெஞ்சுகளைத் தரையோடு சேர்த்துப் போல்ட்டு போட்டு முறுக்கியிருந்தார்கள். கேட்டவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். செய்தவர்கள் ரயில்வே வண்டிப் பட்டறைத் தச்சர்கள். ஓடுகிற வண்டிக்குள் பெஞ்சு ஆடக்கூடாது என்று வருஷக்கணக்கில் பழகிய கை, ஜெபவீட்டிலும் அதையேதான் செய்தது. மொத்தம் பத்து பெஞ்சு. இடப்பக்கம் ஆண்களுக்கு ஐந்து, வலப்பக்கம் பெண்களுக்கு ஐந்து, எல்லாம் முன்சுவரைப் பார்த்தபடி.

திறப்பு நாளன்று மேஸ்திரி பாக்கியநாதனிடம் நானே கேட்டேன்.

"ஜெபவீடு என்ன ஈப்போவுக்கா புறப்படப் போவுது அண்ணே? இந்த முறுக்கு முறுக்கியிருக்கீங்க!"

"வேலைன்னா வேலையா இருக்கணும் தங்கச்சி. நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துலயும் இது அசையாது."

அசையவே அசையாது என்று அவர் பெருமையாகச் சொன்னதுதான் பிறகு எனக்குத் தலைவலியாக வந்து விடிந்தது.

பெரிய வெள்ளம் வந்ததற்கு மறு வருஷம் அந்த ஜெபவீட்டைக் கட்டினோம். அதற்கு முன் பதினோரு வருஷம் வீடு வீடாகத்தான் ஆராதனை. இந்த ஞாயிறு செந்தூல் ரயில்வே லயத்து வரிசை வீடு ஒன்றில் என்றால் அடுத்த ஞாயிறு பிரிக்பீல்ட்ஸில் ஆபீஸ் கணக்கெழுதும் ஒரு கிராணி வீட்டில். ஆண்கள் பாயை விரித்து வட்டமாக உட்காருவார்கள். பெண்கள் நாங்கள் அடுக்களையில் இருப்போம். பாதிக் காது பாட்டிலும் பாதிக் காது காப்பிப் பானையிலும் இருக்கும்.

பாட்டு எடுத்துக் கொடுப்பவர் என் வீட்டுக்காரர். புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று என் மாமியார் சொல்லிக்கொண்டே இருப்பாள். ஆயுசு கர்த்தர் கையில் இருக்கிறது, என் நாக்கில் இல்லை. அவர் பேர் மாசிலாமணி. ரயில்வே பாய்லர் பட்டறையில் வேலை. இஞ்சினின் பாய்லருக்குள் புகுந்து, பழுக்கக் காய்ச்சிய ஆணியின் தலையை இரும்புக் கட்டையால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். வெளியே இருவர் சம்மட்டியால் அடிப்பார்கள். எங்கள் சபையில் அந்தப் பட்டறைக்காரர் இவர் ஒருவர்தான். மற்றவர்கள் தச்சர்கள், கொடிகாட்டுகிறவர்கள், கிராணிகள்.

இவர் குரல் எடுத்தால், கப்பலேறி இந்த ஊருக்கு வந்த திருநெல்வேலிக்காரன், தஞ்சாவூர்க்காரன், யாழ்ப்பாணத்தான் என்ற பேச்செல்லாம் அடங்கிப் போகும். ஒரே கீர்த்தனையை மூன்று ஊர்க்காரரும் மூன்று மெட்டில் பாடுவார்கள். இவர் எடுத்த மெட்டில்தான் கடைசியில் எல்லோரும் வந்து சேர்வார்கள். அதனால் புது ஜெபவீட்டில் இவருக்கு மரியாதையாக முதல் பெஞ்சில், நடுவழி ஓரத்தில் இடம் கொடுத்தார்கள். ஆராதனை நடத்தும் உபதேசியாருக்கு நேர் எதிரே. எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொன்னால் பொய்.

ஜெபவீடு திறந்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை. ஒரு ஞாயிறு மழைக்காற்று பலமாக இருந்தது. உபதேசியார் மூன்று சரணத்தோடு போதும் என்று சொல்லிவிட்டு ஜெபத்துக்குக் கண்ணை மூடினார். சபையும் நிறுத்தியது. இவர் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நாலாம் சரணத்தை எடுத்தார். உபதேசியார் குரலை உயர்த்தி ஜெபித்தார். இவர் அதற்கும் மேலே பாடினார். பின்னால் பிள்ளைகள் சிரித்தன. பிள்ளைகளோடு பெரியவர்களும் சிரித்தார்கள். ஐந்தாம் சரணத்தின் நடுவில் பக்கத்திலிருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார். அத்தனை முகங்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன்.

அடுத்த ஞாயிறு புறப்படவில்லை.

"வரீங்களா இல்லையா? மணி ஆவுது."

"நீ போயிட்டு வா. நான் வீட்லயே ஜெபம் பண்ணிக்கிறேன்."

"சபையில பாடுறதுக்கு யாரு?"

"யாராச்சும் பாடுவாங்க. கர்த்தர் எங்கேயும் இருக்கார். இங்க இருந்து கூப்பிட்டா கேக்காதா அவருக்கு?"

"செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி நான் ஒருத்தி கத்திக்கிட்டு நிக்கிறேன்!" என்று சொல்லிவிட்டுப் போனேன். வழக்கமாகச் சொல்கிற வார்த்தைதான். அன்று அவர் முகம் சுருங்கியதை நான் கோபம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று சபையில் பேச்சு கிளம்பியது. அவ்வளவுதான், ஆளுக்கொரு வைத்தியம். ஒருத்தி பூண்டுத் தைலம் காய்ச்சிக்கொண்டு வந்தாள். ஒருவர் மீன் எண்ணெய் என்றார். உபதேசியார் மூப்பர்களோடு வந்து, தலையில் எண்ணெய் பூசி, கை வைத்து உருக்கமாக ஜெபித்தார். இவரும் முழங்காலில் நின்று ஆமென் சொன்னார். மறுநாள் காலையில் நான் பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பவில்லை. அன்றைக்குச் சோறு வடிக்கும்போது நான் கர்த்தரோடு சண்டை போட்டேன். உமக்குப் பாடுகிற வாயை எனக்குத் தெரிந்து நீர்தான் கொடுத்தீர், அதற்குக் காவலாக இரண்டு காதை விட்டுவைக்க உமக்கு மனசு வரவில்லையா என்று கேட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. சோறு குழைந்துவிட்டது.

முதல் ஞாயிறு வீட்டில் உட்கார்ந்து வேதத்தைச் சத்தமாக வாசித்தார். இரண்டாம் ஞாயிறு முணுமுணுத்தார். நாலாம் ஞாயிறு நான் திரும்பி வந்தபோது புத்தகம் மூடியிருந்தது. அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தனிமரம் தோப்பாகாது என்று சும்மாவா சொன்னார்கள்? எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. காது போனால் போகட்டும். இந்த மனுஷன் கொஞ்சம் கொஞ்சமாக விசுவாசத்தையும் விட்டுவிடுவாரோ என்று பயந்தேன்.

அந்த வாரம் சனிக்கிழமை பட்டறை பாதி நாளோடு விட்டதும் அய்யாவு வந்தார். பாய்லருக்கு வெளியே நின்று இவருக்குச் சம்மட்டி அடிக்கிற கூட்டாளி. மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவர். எங்கள் வீட்டுக் கிறிஸ்மஸ் பலகாரத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்பார். அவர் வரும்போது இவர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அண்ணனுக்கு என்ன ஆச்சு? பாய்லரை விட்டு வெளிய வந்தா ஒரு பாட்டு பாடிக்கிட்டே கை கழுவுவாரு. ஒரு மாசமா வாயே தெறக்கிறதில்ல."

"காது மந்தமாயிருச்சு. அந்த வெக்கத்துல கோயிலுக்கும் வர மாட்டேங்கிறாரு."

அய்யாவு என்னை விசித்திரமாகப் பார்த்தார். "மந்தமா? அவருக்குக் காது போயி மூணு வருஷமாச்சே அண்ணி. உங்களுக்குத் தெரியாதா?"

எடுத்த காப்பித் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"அப்புறம் எப்படி நான் பேசுறதுக்கெல்லாம் பதில் சொல்றாரு?"

"வாயைப் பாத்துத்தான். பாய்லர் பட்டறையில யாரு காதால கேக்குறா? அந்தச் சத்தத்துல எல்லாரும் வாயைப் பாத்துத்தான் பேசிக்குவோம். அண்ணன் அதுல கெட்டிக்காரரு. அம்பதடி தூரத்துல துரை என்ன திட்டுறாருன்னு எங்களுக்குச் சொல்லுவாரு."

அவர் போன பிறகு நான் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன். எதற்கு அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. இந்த மனுஷன் நான் பேசும்போதெல்லாம் என் முகத்தையே பார்ப்பார். கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகியும் பெண்டாட்டி முகத்தை இப்படிப் பார்க்கிறாரே என்று லயத்துப் பெண்கள் என்னைக் கேலி செய்வார்கள். நானும் உள்ளுக்குள் பூரித்துப் போயிருந்தேன். அது ஆசை இல்லையாம், காதாம்!

குளித்துவிட்டு வந்தவரை நிறுத்தி, வாயை நன்றாகத் திறந்து கேட்டேன்.

"மூணு வருஷமா என் மூஞ்சியைப் பாத்தது ஆசைக்கா, இல்ல நான் பேசுறது புரியறதுக்கா?"

அவர் துண்டை மடித்துக் கொடியில் போட்டார்.

"ரெண்டுக்குந்தான்" என்றார்.

அதற்கு மேல் நான் என்ன சண்டை போடுவது? பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். மூன்று வருஷமாக வீட்டுக் கூட்டங்களில் ஒரு குறையும் இல்லாமல் பாடினவருக்கு, ஜெபவீடு வந்ததும் என்ன ஆனது?

"வீட்ல வட்டமா உக்காருவோம். எல்லார் வாயும் தெரியும். யாரு இழுக்கிறா, யாரு முந்துறா, உபதேசியார் எப்ப ஜெபத்துக்குப் போறார், எல்லாம் பாத்துக்குவேன். பாக்கப் பாக்க எனக்குச் சத்தமே கேக்குற மாதிரி இருக்கும் ஞானப்பூ. இப்ப முதல் பெஞ்சுல உக்கார வச்சுட்டாங்க. எனக்குப் பின்னாலதான் சபை. முன்னால செவுரு. முழுப் பாட்டுன்னா கணக்கு வச்சு நிறுத்திருவேன், அன்னைக்குப் பாதியில நிறுத்தினது தெரியல."

"உபதேசியார் முன்னாலதானே நிக்கிறாரு?"

"அவரு வீட்ல பக்கத்துல உக்காந்தப்ப ஓரளவு தெரிஞ்சுச்சு. இப்ப தூரத்துல நின்னா மீசைதான் தெரியுது. வாய் தெரியல."

நான் அழுத கண்ணோடு சிரித்துவிட்டேன். ஆசீர்வாதம் உபதேசியாரின் மீசை செந்தூலில் பேர்போனது. எண்ணெய் தடவிச் சீவி, உதட்டை மூடித் தொங்கும்.

ஆக, மரியாதை என்று நாங்கள் கொடுத்த இடம்தான் அவரைத் தனியாக்கியிருக்கிறது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. இதை எங்கள் ஊரில் வேதக்காரர்கள் நாங்களும் சொல்வோம்.

மறுநாள் ஆராதனை முடிந்து, சபையில் யாருக்காவது சொல்ல வேண்டியது உண்டா என்று உபதேசியார் வழக்கம்போலக் கேட்டார். பெண்கள் எழுந்திருப்பது வழக்கமில்லை. நான் எழுந்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"இப்ப என்ன செய்யணும்மா?" என்றார் உபதேசியார்.

"பெஞ்சைத் திருப்பிப் போடணும். ஆம்பளைங்க பெஞ்சு அந்தச் செவுரு ஓரமா, பொம்பளைங்க பெஞ்சு இந்தச் செவுரு ஓரமா, எதிரும் புதிருமா. நீங்க ஒரு முனையில நின்னா அவருக்கு உங்களையும் தெரியும், சபையும் தெரியும்."

பாக்கியநாதன் மேஸ்திரியின் முகம் கறுத்தது. மூன்று மாசச் சனிக்கிழமைகளை அந்தப் பெஞ்சுகளுக்குக் கொடுத்தவர். அவர் வாய் திறப்பதற்கு முன் பிரிக்பீல்ட்ஸ் பெரிய கிராணி துரைசிங்கம் எழுந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மடிப்புக் கலையாத கோட்டு.

"ஆம்பிளையளும் பொம்பிளையளும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு இருக்கிறதோ? இது என்ன ஒழுங்கு?"

"பாசார்ல பாக்காத முகமா ஐயா? மீன்காரன் முன்னால நிக்கும்போது திரும்பியா நிக்கிறோம்?"

எங்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. நான் வாயை அடக்கியிருக்கலாம் என்று நினைத்தேன். அவர் உட்காரவும் இல்லை. கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார்.

"போன வருஷம் என்ரை மகள் செத்த அண்டைக்கு" என்று ஆரம்பித்தார். குரல் இறங்கிவிட்டது. "என்னாலை ஜெபம் பண்ண ஏலாமல் போச்சுது. ஆண்டவரிலை கோவம். அண்டைக்கு என்ரை வீட்டிலை மாசிலாமணிதான் பாடினவர். எல்லாரும் சேர்ந்து பாடினீங்கள். நான் பாடேல்லை, சும்மா இருந்தனான். எனக்காக நீங்கள் பாடினீங்கள்." பொத்தானை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அண்டைக்கும் அந்த மனிசனுக்குக் காது கேக்கேல்லையோ?"

"கேக்கல ஐயா."

"அப்ப பெஞ்சைத் திருப்புங்கோ" என்று உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். அவர் தன் பெஞ்சின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ரயில் வண்டியில எதிரும் புதிருமாத்தான் போடுவோம்" என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல். "கோயில்னதும் என் புத்தி செவுத்தைப் பாத்துப் போயிருச்சு. சனிக்கிழமை வரேன். எட்டு ஆளு வேணும்."

பத்துப் பேர் வந்தார்கள். சபையைச் சேராத அய்யாவும் பட்டறையிலிருந்து பெரிய ஸ்பேனரோடு வந்து நின்றார். அந்தப் போல்ட்டுகள் லேசில் கழன்றனவா என்ன! பாக்கியநாதன் வேலையாயிற்றே. ஒவ்வொன்றும் முனகிக்கொண்டு வந்தது. ஒன்று கழலும்போதெல்லாம் அய்யாவு அவரைப் பார்த்து, "கைவேலை கைவேலைதான் மேஸ்திரி" என்று சொல்ல, அவரும் கழற்றுகிற வருத்தத்தில் பாதியை மறந்தார். நாங்கள் பெண்கள் காப்பி ஊற்றிக் கொடுத்தோம். தரைப் பலகையில் துளைகள் அப்படியே நின்றன; அடைக்க நேரமில்லை.

இவ்வளவும் இவருக்குத் தெரியாது. சொன்னால், எனக்காக எதற்கு இத்தனை பேருக்குத் தொந்தரவு என்று இன்னும் உள்ளே சுருங்கிவிடுவார். ஞாயிறு காலையில் எப்படிக் கிளப்புவது என்று நான் யோசித்துக்கொண்டே இட்டலி எடுக்கும்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். இவர் எழுந்து போய், "யாரு வேணும்?" என்று கேட்டார்.

உபதேசியார்தான். மீசை இல்லை. மேலுதடு வெளுத்துப்போய், பத்து வயசு குறைந்து, உரித்த கோழி மாதிரி நின்றார். இவர் உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். ஆறு வாரத்துக்குப் பிறகு இந்த வீட்டில் கேட்ட சிரிப்பு. சிரிப்பு அடங்காமல் கதவைப் பிடித்துக்கொண்டார். உபதேசியார் பொறுமையாக நின்று, ஒவ்வொரு வார்த்தையையும் வாயில் வடித்துச் சொன்னார்.

"இப்ப தெரியுதா நான் பேசுறது?"

"தெரியுது ஐயா."

"அப்ப வாங்க. நீங்க இல்லாம நாங்க மூணு மெட்டுல பாடிக்கிட்டுக் கிடக்கோம்."

வேட்டியை மாற்றிக்கொண்டு வந்தார்.

ஜெபவீட்டு வாசலில் அவர் நின்றுவிட்டார். சுவரோரமாக எதிரெதிரே பெஞ்சுகள். நடுவில் வெறும் தரை, துளைத் துளையாக. பாக்கியநாதனின் பக்கத்தில் போய் உட்கார்ந்து பெஞ்சைப் பிடித்து அசைத்துப் பார்த்தார்.

"ஆடுதே மேஸ்திரி."

"ஆடட்டும்" என்றார் பாக்கியநாதன், வாயை அகலத் திறந்து.

உபதேசியார் பாட்டு எண்ணைச் சொன்னார். இவர் எழுந்து நின்று எடுத்தார். குரல் முதலில் கொஞ்சம் தடுமாறியது. பிறகு அவர் கண்கள் எதிர்வரிசையில் ஓடத் தொடங்கின, ஒரு வாயிலிருந்து அடுத்த வாய்க்கு. முந்தினவர்களுக்குக் கையை லேசாகத் தாழ்த்தினார். இழுத்தவர்களுக்குத் தலையை அசைத்தார். இரண்டாம் சரணத்தில் சபை ஒரே மெட்டில் வந்து நின்றது. துரைசிங்கம் கிராணியாரும் பாடினார். நான் என் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கர்த்தரோடு போட்ட சண்டையை அந்த இடத்திலேயே முடித்துக்கொண்டேன்.

அப்போது அவர் கண் என்னிடம் வந்தது. வந்தது, நகரவில்லை.

அவருக்கு ஏதோ புரியாதது போல நெற்றி சுருங்கியது. என் பக்கத்திலிருந்தவளைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். எனக்குச் சட்டென்று உறைத்தது. என் வாய் மூடியிருந்தது.

நான் பாடுவதில்லை. கல்யாணமாகி அவரோடு இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து ஒரு ஞாயிறுகூடப் பாடியதில்லை. என் குரல் காக்காய்க் குரல். அடுக்களையில் இருந்தபோது யாருக்கும் தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபோது அவர் முதுகுதான் என் பக்கம் இருந்தது. பாடுவது அவர் வேலை, கேட்பது என் வேலை என்று இருந்துவிட்டேன். அவர் பாட்டிலேயே என் துதியும் சேர்ந்து போய்விடும் என்று நினைத்திருந்தேன். விசுவாசத்தை விட்டுவிடுவாரோ என்று அவருக்காகப் பயந்தவள், என் விசுவாசத்தை அவர் தொண்டையிலேயே வைத்திருந்தேன்.

சரணத்துக்கும் பல்லவிக்கும் இடையில், பட்டறையில் பேசுகிற மாதிரி, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தார்.

"நீ பாடு."

நான் மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அவர் பல்லவியை எடுக்கவில்லை. சபை காத்திருந்தது. உபதேசியார் மீசையில்லாத வாயைத் திறந்தபடி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அத்தனை பேர் முன்னால் அந்த மனுஷன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் பாடினேன். சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். பக்கத்திலிருந்தவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. வார்த்தைகளை விடாமல் பிடித்துக்கொண்டு பாடினேன். காது கேட்டவர்கள் எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். அவர் என் வாயைப் பார்த்து, இரண்டாம் அடியில் வந்து என்னோடு சேர்ந்துகொண்டார்.